தண்ணீர் வடியாத நிலத்துக்கு என்ன மரம்?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் களிமண் நிலத்தில் ஐப்பசியில் தேங்கும் தண்ணீர் தை வரை வடிவதில்லை. வைத்த தேக்குக் கன்றெல்லாம் பட்டுப்போயின. வேறு என்ன வைக்கலாம்?

பதில்: தேக்குக்கு வடிகால் வேண்டும். நீர் தேங்கினால் மண்ணில் காற்றில்லாமல் வேர் அழுகும். பட்ட கன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் கறுத்து, தோல் கையோடு உரிந்து வரும்.

உங்கள் நிலத்துக்கு நீர்மருதுதான் என் முதல் தேர்வு. காவிரிக் கரையில் வெள்ளம் பார்த்தே வளர்ந்த மரம் அது. நாவல், புங்கன், நீர்க்கடம்பும் தாங்கும்.

குழி வெட்டி நடாதீர்கள். களிமண்ணில் குழி, தண்ணீர்த் தொட்டியாகிவிடும். வடிகால் வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையே இரண்டடி மேடாகக் கொட்டுங்கள். ஆடியில் மேடு போட்டால் மழையில் அமுங்கிக்கொள்ளும். தையில் தண்ணீர் வடிந்ததும் உச்சியில் நடலாம். மேடு சீக்கிரம் காயும், முதல் கோடையில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.