இளைஞர் கால்பந்தில் இந்தியாவின் கணக்கு

ஒரு நாட்டின் இளைஞர் கால்பந்து அணி எத்தகையது என்று அறிய விரும்புவோர் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "உலகக் கோப்பையில் ஆடியிருக்கிறதா?" இந்திய ஆண்கள் அணியைப் பற்றி இப்படிக் கேட்டால், "2017-இல் ஆடியது" என்று உடனே விடை கூறிவிடலாம். ஆயினும் அவ்விடை பாதி உண்மையே. எவ்வாறு உள்ளே சென்றது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். போட்டியை நடத்தும் நாட்டுக்குத் தகுதிச் சுற்று கிடையாது. வீட்டுக்காரனுக்குப் பந்தியில் இடம் கேட்கவா வேண்டும்?

முதலில் பழைய கதையைப் பார்ப்போம். 1974-இல் பாங்காக்கில் ஆசிய இளைஞர் சாம்பியன் போட்டி நடந்தது. ஷபீர் அலியின் தலைமையில் சென்ற நம் அணி இறுதி ஆட்டத்தில் ஈரானைச் சந்தித்தது. ஆட்டம் 2-2 என்று சமனில் முடிய, இரு நாடுகளும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. ஆசியாவின் முதலிடம்! ஆனால் அந்த வெற்றியைக் கொண்டு உலக அரங்கில் ஏறுவதற்கு அன்று அரங்கே இல்லை. ஃபிபாவின் உலக இளைஞர் சாம்பியன் போட்டி 1977-இல்தான் துனீசியாவில் தொடங்கிற்று. ஈரான் அதில் ஆடியது, இந்தியா ஆடவில்லை. 20 வயதினருக்கான உலகக் கோப்பையாக இன்று வழங்கும் அப்போட்டியில் இந்தியா ஒரு முறையேனும் இடம் பெற்றதில்லை.

இனி 2017-க்கு வருவோம். 17 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பையை இந்தியா ஏற்று நடத்தியது. 24 நாடுகள் வந்தன. ஆறு நகரங்களில் ஆட்டங்கள் நடைபெற்றன. பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு வந்து பார்த்தனர். டில்லி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் அக்டோபர் 6-ஆம் நாள் அமெரிக்காவிடம் 0-3 என்று தோற்றோம். 12-ஆம் நாள் கானாவிடம் 0-4. இவ்விரண்டைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. இடையில் 9-ஆம் நாள் கொலம்பியாவுடன் நடந்த ஆட்டமே மனத்தில் நிற்பது.

இடைவேளைக்குப் பின் கொலம்பியா ஒரு கோல் போட்டது. 82-ஆம் நிமிடத்தில் இந்தியாவுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. சஞ்சீவ் ஸ்டாலின் பந்தை வளைத்து அனுப்ப, மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்சன் சிங் உயர எழும்பித் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். எந்த வயதுப் பிரிவிலும் ஃபிபா உலகக் கோப்பையில் இந்தியா போட்ட முதல் கோல் அது. ஸ்டேடியம் அதிர்ந்தது. அந்த ஆரவாரம் அடங்குமுன்பே, அடுத்த நிமிடத்தில், கொலம்பியாவின் பெனலோசா தம் இரண்டாவது கோலைப் போட்டுவிட்டார்! அனுபவம் வாய்ந்த அணிக்கும் புதிய அணிக்கும் உள்ள வேற்றுமை அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்தது. கோல் போட்டவுடன் கொஞ்சம் பின்வாங்கி மூச்சு விட்டு ஒழுங்காக நிற்கும் பழக்கம் பயிற்சி மைதானத்தில் வருவதன்று; கடுமையான ஆட்டங்களைப் பலமுறை ஆடினால்தான் வரும். ஆக மூன்று ஆட்டங்களில் போட்டது 1, வாங்கியது 9.

ஊரெல்லாம் அறிந்தது இந்த அணியைத்தான். ஆயின் இதைவிட ஒருபடி மேலான அணி ஒன்று மறு ஆண்டே வந்தது என்பது என் கருத்து. பிபியானோ பெர்னாண்டஸ் பயிற்சியளித்த 16 வயதுக்கு உட்பட்டோர் அணி, தகுதிச் சுற்றில் தானே போராடி வென்று, 2018-இல் மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டிக்குச் சென்றது. வியட்நாமை 1-0 என்று வென்றது. கோல் பெனால்டியில் வந்தது. ஈரானுடன் 0-0, அந்த ஆட்டத்தில் எதிரியின் பெனால்டியைக் கோல்கீப்பர் நீரஜ் குமார் தடுத்தார். இந்தோனேசியாவுடனும் 0-0. கால் இறுதியில் எதிர்ப்பட்டது தென்கொரியா. அதில் வென்றால் 2019 உலகக் கோப்பைக்கு நேரே போகலாம், யாருடைய தயவும் இன்றி! நீரஜ் மீண்டும் மீண்டும் காப்பாற்றினார். இரண்டாம் பாதியில் அவர் தடுத்துத் தள்ளிய பந்து எதிரியின் காலுக்கே போய்ச் சேர, அது கோலாகிவிட்டது. 0-1.

இரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2018 அணி நான்கு ஆட்டங்களில் வாங்கியது ஒன்றே ஒன்று. தடுப்பாட்டத்தில் எத்தகைய முன்னேற்றம்! ஆனால் போட்டதும் ஒன்றுதான், அதுவும் பெனால்டி. கோல் போடும் வித்தையில் நாம் அங்குலமும் நகரவில்லை என்பதை அந்த எண்கள் மறைக்காமல் காட்டுகின்றன.

இவ்விடத்தில் சிலர் 2018 ஆகஸ்டில் ஸ்பெயினில் நம் 20 வயதுக்கு உட்பட்டோர் அணி அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றதை எடுத்துக் காட்டுவர். பத்துப் பேராகக் குறைந்த பின்னும் வென்ற ஆட்டம் அது, மகிழத்தக்கதே. அந்த அர்ஜென்டினாவுக்கு அன்று பயிற்சியாளராக இருந்தவர் ஸ்கலோனி. 2022-இல் உலகக் கோப்பையை வென்று தந்த அதே ஸ்கலோனிதான். எனினும் அது அழைப்புப் போட்டி. அதே போட்டியில் மாரிட்டானியாவிடம் 0-3 என்று தோற்றதையும் கூடவே எழுதிக்கொள்ள வேண்டும்.

கோல் போடத் தெரிந்த அணி பிறகு வந்தது. 2019-இல் தாஷ்கண்டில் நடந்த 16 வயதினர் தகுதிச் சுற்றில், மீண்டும் பெர்னாண்டஸின் பயிற்சியில், துர்க்மெனிஸ்தானை 5-0, பஹ்ரைனை 5-0 என்று வென்று, உஸ்பெகிஸ்தானுடன் அதன் சொந்த மண்ணிலேயே 1-1 என்று சமன் செய்தது. மூன்று ஆட்டங்களில் பதினோரு கோல், பிரிவில் முதலிடம். அடுத்த ஆண்டு பஹ்ரைனில் ஆசியப் போட்டி என்று குறித்திருந்தார்கள். கொரோனா வந்தது. போட்டி தள்ளிவைக்கப்பட்டது; 2021 தொடக்கத்தில் அடியோடு கைவிடப்பட்டது. அவ்வாண்டு பெருவில் நடக்கவிருந்த உலகக் கோப்பையும் அதற்கு முன்னரே கைவிடப்பட்டிருந்தது. இளைஞர் போட்டிகளில் வயது வரம்பு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அடுத்த ஆசியப் போட்டி வந்தபோது அந்தப் பிள்ளைகள் வயது கடந்துவிட்டிருந்தனர்.