பிடில் வாசிக்காத நீரோ

சென்ற வருடம் எமது கல்லூரியில் இல்லங்களுக்கிடையிலான விவாதப் போட்டி நடந்தபோது எங்கள் அணிக்கு நான் தலைவி. தலைப்பு அனர்த்த முகாமைத்துவம் பற்றியது. தொகுப்புரைக்காக எழுந்த நான் எதிரணியைக் கைநீட்டி, "உரோமாபுரி பற்றியெரிந்தபோது பிடில் வாசித்துக் கொண்டிருந்த நீரோ மன்னனைப் போல…" என்று ஆரம்பித்தேன். வசனத்தை முடிக்க முன்பே மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. போட்டியிலும் வென்றோம்.

நடுவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. எல்லோரும் கலைந்து போகும்போது படிக்கட்டடியில் என்னை நிறுத்தினார். "நல்லாப் பேசினீங்க பிள்ள. ஒரு கேள்வி. பிடில் எந்தக் காலத்து வாத்தியம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "தேடிப் பாருங்க. நெருப்புப் பிடிச்ச நேரம் நீரோ எங்க இருந்தார் என்டும் சேத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தேடினேன். பிடில் என்று நாம் சொல்லும் வயலின் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் உருவானது. உரோம் எரிந்தது கி.பி. 64 ஜூலையில். இடையில் ஏறத்தாழ 1500 வருடங்கள்! தீப்பிடித்த வேளையில் நீரோ உரோமிலும் இருக்கவில்லை. கடற்கரையோரத்து அன்டியம் நகரில் இருந்தான். இதைச் சொல்பவர் நீரோவை வெறுத்த டசிட்டஸ் என்ற உரோம வரலாற்றாசிரியர். தீ ஆறு நாட்கள் எரிந்து, அடங்கி, மீண்டும் மூண்டது. நகரின் 14 வட்டாரங்களில் மூன்று முற்றாக அழிந்தன, ஏழு பெருஞ்சேதம் அடைந்தன, நான்கு மட்டுமே தப்பின. திரும்பி வந்த நீரோ வீடிழந்தவர்களுக்காகத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான், உணவுப் பொருட்களை வரவழைத்தான், தானியத்தின் விலையைக் குறைத்தான் என்றும் அவரே எழுதுகிறார். ஆனால் நகரம் எரியும்போது திரோய் நகரின் அழிவைப் பற்றி அவன் தன் வீட்டு மேடையில் பாடினான் என்றொரு கதை மக்களிடையே பரவிவிட்டது. அந்த வதந்திதான் நூற்றாண்டுகள் கடந்து, கையில் பிடிலையும் வாங்கிக்கொண்டு, எங்கள் மண்டபம் வரை வந்திருக்கிறது.

அப்படியானால் நீரோ நல்லவனா? இல்லவே இல்லை. எரிந்த நிலத்திலே தனக்கென ஒரு பொன் மாளிகையைக் கட்டத் தொடங்கினான். தீயை மூட்டியவனே அவன்தான் என்ற பேச்சு அடங்காதபோது, பழியைப் போட ஒரு கூட்டத்தைத் தேடினான். அக்காலத்தில் கிறிஸ்தவர்கள் உரோமில் மிகச் சிறிய சமூகம். அவர்களைப் பலருக்குப் பிடிக்காது. அவர்களுடைய வழிபாடு என்னவென்று பலருக்குத் தெரியாது. அது போதுமாக இருந்தது. பிடித்தார்கள். சிலரை நாய்களுக்கு இரையாக்கினார்கள், சிலரைச் சிலுவையில் அறைந்தார்கள், சிலரை இரவில் விளக்குகளாக எரித்தார்கள். டசிட்டஸுக்கும் கிறிஸ்தவர்களைப் பிடிக்காது. ஆயினும் இவர்கள் பொது நன்மைக்காக அல்ல, ஒருவனின் கொடுமைக்காகவே அழிக்கப்படுகிறார்கள் என்று கண்டு மக்களே இரங்கினார்கள் என அவர் எழுதி வைத்திருக்கிறார்.

இதை வாசித்த அன்று இரவு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. நாங்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் அந்த வசனத்தில், இல்லாத பிடில் இருக்கிறது. செய்யாத குற்றத்துக்காக எரிக்கப்பட்ட மனிதர்கள் இல்லை. ஒரு பேரழிவின் பிறகு பழி யார் தலையில் விழும் என்பதை எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் கைதட்டலுக்காக நான் பிடிலைத்தான் தூக்கினேன்.

அடுத்த நாள் 80 பக்கக் கொப்பி ஒன்றை எடுத்தேன். பத்திரிகையிலும் தொலைக்காட்சிச் செய்தியிலும் உரோமப் பெயரோ உரோமச் சொல்லோ வந்தால் அதில் குறித்து, அதன் மறுபாதிக் கதையைத் தேடுவது என்று முடிவு செய்தேன். இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் செனட் சபை உரோமின் மூத்தோர் சபையிலிருந்து பெயர் பெற்றது. அது கூடும் கெப்பிட்டல் கட்டடம் உரோமின் ஏழு குன்றுகளில் ஒன்றின் பெயரைக் கொண்டது. வேட்பாளரை ஆங்கிலத்தில் குறிக்கும் சொல்லுக்கு 'வெள்ளை உடுத்தவர்' என்று பொருள். உரோமில் தேர்தலுக்கு நிற்பவர்கள் தம் மேலங்கியைச் சுண்ணத்தால் வெளுத்து உடுத்தார்களாம். எமது ஊர்ச் சுவரொட்டிகளில் சிரிக்கும் வெள்ளை உடைகளைப் பார்க்கும்போது எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது. "ரூபிகனைக் கடந்துவிட்டார்" என்று எழுதினால், திரும்ப முடியாத முடிவை எடுத்துவிட்டார் என்று அர்த்தம். ரூபிகன் ஒரு சிற்றாறு. கி.மு. 49இல் யூலியஸ் சீசர் படையோடு அதைக் கடந்ததும் உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. இவையெல்லாம் கொப்பியில் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டன.

'வீட்டோ' என்ற சொல்லுக்கு மட்டும் நான்கு பக்கங்கள் போயின.

இலத்தீனில் அதற்கு 'நான் தடுக்கிறேன்' என்று பொருள். உரோமில் உயர்குடியினர் கையில் எல்லா அதிகாரமும் இருந்த காலம் அது. கடனாலும் அநீதியாலும் நொந்த சாதாரண மக்கள் கி.மு. 494இல் நகரத்தையே விட்டு வெளியேறி ஒரு குன்றில் போய் அமர்ந்துவிட்டதாக உரோமர் சொல்லி வந்தனர். அவர்களைத் திரும்ப அழைக்க விட்டுக்கொடுத்தவற்றில் ஒன்றுதான் திரிபியூன் என்ற பதவி. திரிபியூன் மக்களின் ஆள். எந்த அதிகாரி ஒரு ஏழையின் மேல் கை வைத்தாலும் குறுக்கே நின்று அவரால் தடுக்க முடியும். அவரைத் தொடுவதே பாவம் என்று சத்தியம் செய்திருந்தார்கள். உதவி தேடி வருபவர்களுக்காக அவருடைய வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும்.

இன்று அதே சொல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் ஐந்து நாடுகளுக்குரிய அதிகாரத்தின் பெயர். 2023 டிசம்பர் 8ஆம் திகதி காஸாவில் உடனடி மனிதாபிமானப் போர்நிறுத்தம் கோரிய பிரேரணைக்கு 15 உறுப்பு நாடுகளில் 13 ஆதரவாக வாக்களித்தன. பிரித்தானியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அமெரிக்கா வீட்டோ செய்தது. செய்தி வாசிப்பாளர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போனார். எனக்கோ அந்தத் திறந்திருக்கும் கதவுதான் கண்ணில் நின்றது. பலமில்லாதவனைக் காப்பாற்றப் பிறந்த சொல்லுக்கு இப்படியொரு வேலை!

கொப்பியைப் பார்த்த உம்மா, "எங்கயோ கிடக்கிற உரோமுக்கு இவ்வளவு பாடுபடுறீங்க, சோதனைக்குப் படிக்கிற எண்ணம் இல்லையா?" என்று கேட்டார். எங்கயோ கிடப்பதல்ல என்று காட்ட எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. எமது வீட்டில் ஓதப்படும் திருக்குர்ஆனின் 30ஆவது அத்தியாயத்தின் பெயரே 'அர்-ரூம்', அதாவது உரோமர்கள். அங்கே சொல்லப்படுவது கொன்ஸ்தாந்திநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு உரோமப் பேரரசு. மத்ரஸாவில் நாங்கள் கேட்ட 'கைஸரும் கிஸ்ராவும்' என்ற சோடியில் கைஸர் என்பது சீசர் என்ற பெயரே. ஒரு மனிதனின் பெயர் பட்டமாகி, அரபியில் கைஸர், ஜேர்மனியில் கைசர், ரஷ்யாவில் ஸார் என்று ஆனது. 1453இல் கொன்ஸ்தாந்திநோபிளைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் முஹம்மத் தன்னைக் 'கைஸரே ரூம்' என்று அழைத்துக்கொண்டார். மன்னர்கள் போய்விட்டாலும் சொல் போகவில்லை. 2024இல் டொனால்ட் ட்ரம்ப் நாட்டின் எல்லைக்குப் பொறுப்பாக ஒருவரை அறிவித்தபோது பத்திரிகைகள் அவரை 'எல்லை ஸார்' என்றே எழுதின. மௌலானா ரூமி பல்க் பிரதேசத்துக் குடும்பத்தில் பிறந்தவர். ரூம் தேசம் எனப்பட்ட அனத்தோலியாவில் வாழ்ந்ததால் ரூமி ஆனார்.

உம்மாவை வாயடைக்க வைத்தது தினார்தான். எமது தெருவிலிருந்து குவைத்துக்குப் போய் உழைத்தவர்கள் பலர். அவர்கள் அனுப்பும் குவைத் தினார் உலகிலேயே பெறுமதி கூடிய நாணய அலகு. 'தெனாரியஸ்' என்ற உரோம வெள்ளிக்காசின் பெயரே கிரேக்கம் வழியாகத் தினார் ஆனது. ஆரம்ப முஸ்லிம்கள் உரோமச் சக்கரவர்த்தியின் உருவம் பொறித்த பொற்காசுகளையே பாவித்தனர். ஹிஜ்ரி 77இல் உமையாக் கலீபா அப்துல் மலிக் உருவங்களை நீக்கி, எழுத்து மட்டும் பொறித்த தினாரை வெளியிட்டார். பெயரை மட்டும் அவர் மாற்றவில்லை. மாதப் பெயர்களும் அப்படித்தான்: ஜூலை யூலியஸ் சீசருடையது, ஆகஸ்ட் அகஸ்டஸுடையது. ஏப்ரலுக்கு நீரோவும் தன் பெயரை வைத்துப் பார்த்தான், அது நிலைக்கவில்லை.

2022 செப்டெம்பரில் பிரித்தானியப் பிரதமர் பதவியிலிருந்து விலகிய பொரிஸ் ஜோன்சன் தன் பிரியாவிடை உரையில், சின்சினாட்டஸைப் போலத் தன் கலப்பைக்குத் திரும்புவதாகக் கூறினார். உழுதுகொண்டிருந்தவரை அழைத்து உரோமர் சர்வாதிகாரி ஆக்கினார்கள். அவர் எதிரியை வென்று 16ஆம் நாளே பதவியைத் துறந்து வயலுக்குப் போனார் என்பது கதை. பணிவான மனிதர் என்று நினைப்போம். ஆனால் அதே கதையில் சின்சினாட்டஸ் மறுபடியும் சர்வாதிகாரியாக வருகிறார். இரண்டாம் முறை வந்தது, பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு மலிவாகத் தானியம் கொடுத்துச் செல்வாக்குப் பெற்ற ஒரு வணிகரை அடக்குவதற்காக. ஜோன்சன் இலத்தீனும் கிரேக்கமும் கற்றவர். இரண்டாம் பாதி தெரியாமல் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக எழுதியது என் சாச்சாவால் வந்தது. அவருடைய குடும்பம் இங்கிலாந்தில் இருக்கிறது. 2025 மே மாதம் பிரதமர் கியர் ஸ்டார்மர் குடிவரவு பற்றி ஆற்றிய உரையில் ஒரு சொற்றொடர், ஈனொக் பவலின் பழைய பேச்சை நினைவூட்டுகிறது என்று அங்கே எதிர்ப்பு எழுந்தது. அதைப் பாவித்ததற்காகப் பின்னர் பிரதமரே வருத்தம் தெரிவித்தார். "யார் சாச்சா அந்தப் பவல்?" என்று தொலைபேசியில் கேட்டேன். "அந்தப் பேரக் கேட்டா இஞ்ச பழைய ஆக்களுக்கு இன்டைக்கும் வயிறு கலங்கும் மகள்" என்றார்.

பவல் பாராளுமன்ற உறுப்பினர். அரசியலுக்கு வருமுன் 25 வயதிலேயே சிட்னிப் பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்தவர். 1968 ஏப்ரல் 20ஆம் திகதி பேர்மிங்ஹாம் நகரில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். நிறத்தையோ இனத்தையோ காட்டி வீடும் தொழிலும் மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டமூலம் அப்போது பாராளுமன்றத்தில் இருந்தது, அதையும் எதிர்த்தார். பேச்சின் முடிவில் வேர்ஜில் என்ற உரோமக் கவிஞரின் 'ஈனெயிட்' காவியத்திலிருந்து, தைபர் நதியில் இரத்தம் பெருகும் காட்சியை எடுத்தாண்டார். பத்திரிகைகள் அதற்கு 'இரத்த ஆறுகள்' உரை என்று பெயர் வைத்தன. கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் அடுத்த நாளே அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். ஆனாலும் சில நாட்களில் இலண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள்.

அந்தக் காவியத்தின் கதைச் சுருக்கத்தைத் தேடி வாசித்தேன். நாயகன் ஈனியஸ் ஓர் அகதி. நீரோ பாடினான் என்று சொல்லப்படும் அதே திரோய் நகரம் எரிந்தபோது, வயதான தந்தையைத் தோளில் சுமந்து, சிறு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு தப்பி ஓடியவன். கடலில் அலைந்து அலைந்து இத்தாலிக் கரையில் வந்து இறங்குகிறான். இரத்தம் பெருகும் தைபரைப் பற்றிய எச்சரிக்கை அங்கே அவனுக்குத்தான் சொல்லப்படுகிறது. சொல்பவள் ஒரு குறிசொல்லும் பெண். கேட்டு நிற்பவன் வந்திறங்கிய அந்நியன்!

குறி பொய்க்கவில்லை என்பதையும் நான் சொல்ல வேண்டும். வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையே கடும் போர் மூள்கிறது. ஆனால் காவியம் அங்கே முடியவில்லை. இரு சனமும் கலந்து ஒரு சனமாக வேண்டும் என்று இறுதியில் தீர்ப்பாகிறது. அந்தக் கலப்பின் வழிவந்தவர்களே உரோமர். உரோம் நகரை அமைத்த ரொமுலஸ்கூட, ஊர்விட்டு ஓடிவந்தவர்களுக்கு ஒரு குன்றில் புகலிடம் திறந்துதான் மக்களைச் சேர்த்தான் என்பது அவர்களுடைய கதை. பேராசிரியர் பவல் இவற்றையெல்லாம் அறிந்தவர். நடுவிலுள்ள போரை எடுத்தார், முடிவை விட்டுவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு வேர்ஜிலைத் தெரிந்திருக்கும்? சாச்சாவிடம் இதைச் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வாப்பாவத் தோள்ல சுமந்துக்கிட்டா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த வருட விவாதப் போட்டியில் நான் நேரக் கண்காணிப்பாளர் மேசையில் இருந்தேன். தரம் 9 பிள்ளை ஒருத்தி, நல்ல குரல், தொகுப்புரையில் கையை நீட்டி, "உரோமாபுரி பற்றியெரிந்தபோது…" என்று தொடங்கினாள். மண்டபம் கைதட்டியது. அவள் பேசிய அழகுக்காக நானும் தட்டினேன். போட்டி முடிந்ததும் கொப்பியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்தேன்.

"நல்லாப் பேசினீங்க தங்கச்சி. ஒரு கேள்வி. பிடில் எந்தக் காலத்து வாத்தியம்?"