கையை எடுத்தவர் ஜெயித்தார்

கேள்வி: ‘சர்வைவர்’ போன்ற போட்டிகளில் ஜெயிக்க வைப்பது உடல் பலமா, சூழ்ச்சியா, எடிட்டிங்கா?

பதில்: சூழ்ச்சிதான். 2000-இல் வந்த அமெரிக்க ‘சர்வைவர்’ முதல் சீசனையே பாருங்கள். மலேசியத் தீவு ஒன்றில் 16 பேர், 39 நாள், பரிசு 10 லட்சம் டாலர். ரிச்சர்ட் ஹாட்ச் நால்வர் கூட்டணி அமைத்து, வெளியேற்றும் ஓட்டு ஒரே பெயருக்கு விழச் செய்தார். எதிரணி ஆளுக்கொரு பெயர் எழுதிக் கோட்டை விட்டது.

கடைசிச் சுற்றுதான் அற்புதம். கம்பத்திலிருந்து கையை எடுக்காமல் மூவர் நிற்க வேண்டும். ஹாட்ச் தானாகவே கையை எடுத்துவிட்டார்! ஜெயித்தால் கூட்டாளி ரூடியை அவரே வெளியேற்ற நேரும். இறுதியில் ரூடியின் ஓட்டும் போகும். அந்தப் பழி, சுற்றில் ஜெயித்த மூன்றாமவர் கெல்லிமேல் விழுந்தது. இறுதியில் ஹாட்சும் கெல்லியும்; கடைசியாக வெளியேறியவர்களே நடுவர்கள், முடிவு ஹாட்சுக்கு 4–3. ரூடியின் ஓட்டு ஹாட்சுக்குத்தான்.

எடிட்டிங்? படப்பிடிப்பு முடிந்த பிறகே ஒளிபரப்பு. எனவே அது வெற்றியாளரைத் தீர்மானிப்பதில்லை. யாரை வில்லனாகக் காட்டுவது என்பதைத்தான் தீர்மானிக்கும். மக்கள் ஓட்டுப் போடும் ‘பிக் பாஸ்’ கதை வேறு. அங்கே கத்தரிக்கோலும் ஒரு போட்டியாளர்தான்.