கொடுமையும் மணவிலக்கும்

கேள்வி: கணவன் துன்புறுத்துவதையே காரணமாக வைத்து மணவிலக்குப் பெற முடியுமா?
– வாசகி, மஸ்ஜித் தானா

பதில்: மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் மணவிலக்கு, 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்தில் நடக்கிறது. வழக்காடிப் பெறும் மணவிலக்குக்கு அதன் 53ஆம் பிரிவு கூறும் காரணம் ஒன்றுதான்: மணவாழ்வு மீட்க முடியாதபடி முறிந்திருக்க வேண்டும். கொடுமை தனிக் காரணம் அன்று, முறிவுக்கான சான்று. சேர்ந்து வாழும்படி மனுதாரரை எதிர்பார்ப்பது நியாயமாகாத நடத்தை என்று 54ஆம் பிரிவு சொல்வதில் அது அடங்கும். பிறன்மனை உறவு, 2 ஆண்டுக் கைவிடல், 2 ஆண்டுப் பிரிவு ஆகியவையும் அப்பிரிவில் உள்ளன.

அடி உதை மட்டுமே கொடுமை அன்று; ஓயாத வசையும் மிரட்டலும்கூட அந்த நடத்தையாகலாம். போலீஸ் புகாரும் மருத்துவ அறிக்கையும் வழக்குக்குப் பெரும் பலம். அடிபட்டவுடனே இவற்றைப் பெறுவது மிக முக்கியம்.

மனுவுக்கு முன் சமரசக் குழுவை நாடுவது பொது விதி. ஆனால், அடித்தவர் எதிரே அமர்ந்து சமரசம் பேசுவது கொடுமையிலும் கொடுமை; தனிச் சூழ்நிலைகளில் 106ஆம் பிரிவின்கீழ் விலக்குக் கோரலாம். மணமாகி 2 ஆண்டு ஆகாதவர்கள், கடுந்துன்பம் காட்டி நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு ஆணைக்கு மணவிலக்கு வரை காத்திருக்கத் தேவையில்லை.