பென்சிலும் பறவையும்

"படம் வரைஞ்சா சோறு போடுமா?" என்று கேட்காத வீடு உண்டா, நண்பர்களே? அமெரிக்கரான ரோஜர் டோரி பீட்டர்சன் (1908–1996) மரச்சாமான் கம்பெனியில் சித்திரம் தீட்டியவர். பின்பு ஓவியம் படித்து ஆசிரியரானார். 1934-ல் வந்த அவரது பறவைக் கையேட்டின் 2000 பிரதிகளும் சீக்கிரமே தீர்ந்தன.

அதில் என்ன புதுமை? ஒத்த பறவைகளை ஒரே பக்கத்தில் வரைந்து, வேறுபடும் இடத்தில் மட்டும் சிறு கோடு போட்டுக் காட்டினார். நம்ம எஞ்சினியரிங் டிராயிங் மாதிரிதான்! முன்பு பறவையைச் சுட்டுக் கையில் எடுத்து இனம் பார்த்ததும் உண்டு. இனி தூரத்திலிருந்தே சொல்லலாம். 1900-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பில் சாதாரண ஜனங்களும் தெம்பாக எண்ணினார்கள். எந்த இனம் குறைகிறது என்று தெரிந்தால்தானே காப்பாற்ற முடியும்?

தமிழ்நாட்டிலும் 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. லீவுதானே, பென்சிலோடு ஏரிக்கரைக்கு வாங்க!