ஏறி இறங்கும் துளிகள்

எண்ணெய் இலேசானது, ஆதலால் நீருடன் கலப்பதில்லை என்பர் பலர். இக்கருத்து சரியா? எளிய ஆய்வொன்றைச் செய்து பார்ப்போம்.

உயரமான கண்ணாடிக் குவளையில் இரண்டு தேக்கரண்டி சமையல் சோடாவை இடுக. அது கலையாதவாறு முக்கால் குவளை கடலை எண்ணெயை மெல்ல ஊற்றுக. உணவு நிறமி கலந்து வடிகட்டிய எலுமிச்சைச் சாற்றைத் துளித்துளியாக விடுக. குவளையை மூடுதல் கூடாது.

1 மில்லிலிட்டர் எண்ணெயின் நிறை ஏறத்தாழ 0.92 கிராம், சாற்றின் நிறையோ 1 கிராமினும் சற்று மிகுதி. ஆகவே துளிகள் அடியில் இறங்குகின்றன. அங்கே சிட்ரிக் அமிலம் சோடாவுடன் வினைபுரிய, கார்பன் டைஆக்சைடு வெளிப்படுகிறது. அவ்வளிமக் குமிழ்கள் துளிகளைப் பற்றி மேலே சுமந்து செல்கின்றன. குமிழ் உடைந்ததும் துளி மீண்டும் இறங்குகிறது.

எத்தனாலின் அடர்த்தி இவ்வெண்ணெயினும் குறைவு, ஏறத்தாழ 0.79. எனினும் அது நீருடன் முழுமையாகக் கலக்கிறது. எனவே கலவாமைக்குக் காரணம் இலேசான தன்மையன்று. நீர் மூலக்கூறுகள் முனைவுள்ளவை. ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று ஈர்ப்பவை. எத்தனால் அப்பிணைப்பில் பங்குகொள்கிறது. முனைவற்ற எண்ணெயால் அது இயலாது. மேலே நிற்பதற்கு அடர்த்தி காரணம். கலவாமைக்கு மூலக்கூறின் இயல்பு காரணம். ஒருங்கே தோன்றும் இரண்டனுள் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது.

சிந்திக்க: துளிகளின் இயக்கம் நின்றபின் எதனைச் சேர்த்தால் அது மீண்டும் தொடங்கும்? ஏன்?