தடைக்காலத்தில் படகு பேட்டரிப் பராமரிப்பு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடற்கரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். பேட்டரியைப் பயன்படுத்தாமல் வைத்தாலும் சார்ஜ் மெல்லக் குறையும். கோடை வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலு திரும்பாது.

கழற்றும்போது நெகட்டிவ் வயரை முதலில் எடுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, நிழலான இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை மீட்டரில் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து 12.6 காட்டினால் நிறைவு, 12.4க்குக் கீழே இறங்கினால் மறுபடி ஏற்றுங்கள். 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 10 ஆம்பியர் போதும். நீர் ஊற்றும் வகையானால் தகடுகள் எப்போதும் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். ஆசிடோ கிணற்று நீரோ வேண்டாம்.

பெண்களும் அறிய வேண்டியது இது: சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். ஆகவே சமையலறையிலும் படுக்கையறையிலும் சார்ஜ் போடாதீர்கள். காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அருகில் பீடி, விளக்கு கூடாது. சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பை எடுங்கள். ஆசிட் கண்ணில் பட்டால் தேய்க்காமல் உடனே சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நடுக்கடலில் இன்ஜின் கிளம்புவதும் வயர்லெஸ் பேசுவதும் இந்தப் பேட்டரியை நம்பித்தான். மாதம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குவோம்.